தொடர்கதை வெட்டிய அண்டா

போடி கடைவீதியில் எங்கள் தெருமுனையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை மொத்தம் நூற்றுப் பதினேழு கடைகள். சரக்கு இல்லாமல் படுத்த கடை உண்டு. கவனிக்க ஆள் இல்லாமல் படுத்த கடை உண்டு. யோசனை அதிகமாகிப் படுத்த கடை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது ட்ரெண்டின் பாத்திரக்கடை.

ட்ரெண்டு என்பது ஊர் வைத்த பேர். "இப்ப ட்ரெண்டு இதுதான் சார்" என்று ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினோரு தடவை சொல்வார். வயது ஐம்பது இருக்கும். காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தியதும் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஜப்பானில் கடையை எப்படி அலங்கரிக்கிறார்கள், துபாயில் விளக்கை எங்கே தொங்கவிடுகிறார்கள் என்று பார்ப்பார். அன்றைக்கு ஜப்பானில் நடந்தது சாயங்காலத்துக்குள் போடியில் நடந்துவிடும்.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு வருஷம் மழையையும் மாட்டையும் எண்ணியவன். ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்கு அரசாங்கம் எதுவும் தரவில்லை. பழக்கம் மட்டும் நிற்கவில்லை. என் வீட்டிலிருந்து அவர் கடைக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. முழங்கால் வலிக்கிற நாளில் நானூற்று ஐம்பது. இதைத் தெரிந்துகொண்ட ட்ரெண்டு ஒருநாள் எனக்கு உத்தியோகம் கொடுத்தார்.

"சார், சும்மாதான இருக்கீக. கடைக்குள்ள எத்தனை பேரு வாராக, எத்தனை பேரு வாங்கிட்டுப் போறாகன்னு எண்ணிச் சொல்லுங்க. பெரிய ஊருல இதுக்குன்னே மிஷின் வச்சிருக்காக."

"மிஷின் செய்யுற வேலைக்கா என்னைக் கூப்பிடுறே?"

"மிஷினுக்குக் கரண்டு வேணும் சார். உங்களுக்கு ஒரு டீ போதும்."

வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அன்று தொடங்கியது என் மனக்கஷ்டம்.

முதல் யோசனை, காலி இடம். பாத்திரக்கடை என்றால் எங்கள் ஊரில் எப்படி இருக்கும்? குடம் கயிற்றில் தொங்கி வழிப்போக்கர் தலையில் இடிக்க வேண்டும். அண்டாவுக்குள் அண்டா, அதற்குள் குண்டான் என்று தெருவரை வந்து கிடக்க வேண்டும். ட்ரெண்டு அத்தனையையும் ஒரே நாளில் மாடிக்கு ஏற்றிவிட்டு, வெள்ளையடித்த கடையின் நடுவே ஒரு ஸ்டூலும், ஸ்டூலின் மேல் ஒரு குடமும், குடத்தின் மேல் ஒரு விளக்கும் வைத்தார்.

"ஒத்தக் குடம்தான் இருக்கு?" என்றேன்.

"அதான் சார். ஒண்ணா இருந்தாத்தான் அதுக்கு மரியாதை."

அன்றைக்கு உள்ளே வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் பத்தொன்பது பேர் துக்கம் விசாரிக்க வந்தவர்கள். "என்னப்பா, கடைய ஏறக்கட்டிட்டியா? நேத்துக்கூட நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டு, அவர் மனைவி ஈஸ்வரியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். மிச்சம் நாலு பேரில் மூன்று பேர், குடத்துக்கு மேல் தொங்கிய விளக்கு என்ன விலை என்று கேட்டார்கள்.

அடுத்தது வாசனை. கடைக்குள் நுழைந்ததும் ஒரு மணம் வர வேண்டுமாம். அதற்கு அவர் ஏலக்காயைத் தேர்ந்தெடுத்தார். ஊரே ஏலக்காய் வாசனையில் மிதக்கிற போடியில்! எங்கள் மூக்குக்கு அந்த மணம் தெரிந்து பல வருஷம் ஆகிறது. மூடை சுமக்கிறவர்கள் இரண்டு பேர் இது ஏலக்காய்க் கடை என்று நினைத்து, உள்ளே மூடையை இறக்கிவிட்டுக் கையெழுத்துக் கேட்டதுதான் கண்ட பலன்.

அதற்கும் அடுத்தது போட்டோ எடுக்கும் சுவர். மூணாறு போகிற சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள, கடையின் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு மேற்கு மலையை வரையச் சொன்னார். அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாக நிஜமான மேற்கு மலை தெரிந்துகொண்டிருந்தது. ஜன்னலை அடைத்துவிட்டு அதன் மேல் மலையை வரைந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது நாளில் பதினாறு வண்டிகள் நின்றன. பதினாறு வண்டிக்காரர்களும் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள்.

இந்தச் சமயத்தில் தேனி ரோட்டில் நாலு மாடியில் லிஃப்டும் ஏசியுமாக ஒரு பாத்திர மாளிகை திறந்தது. ட்ரெண்டு கடையின் கட்டடச் சொந்தக்காரரும் வந்து, செல்போன் கடைக்கு இடம் கேட்டு ஆள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஈஸ்வரி பேச்சு குறைவான பெண். அன்று என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, நீங்களும் கேட்டுக்கங்க. ஆவணி முகூர்த்தம் முடியிற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள யாவாரம் எந்திரிக்கலைன்னா சாவியக் குடுத்துட்டு, இவுக தேனியில எங்கண்ணன் பாத்திரக்கடைக்கு எடை போடப் போயிரணும். அங்கன யாரும் ஐடியா கேக்க மாட்டாக."

ட்ரெண்டின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. மச்சினன் கடையில் தராசுக்குப் பின்னால், யோசனையே இல்லாமல், பாக்கி வாழ்க்கை முழுவதும். அவருக்கு அது ஜெயில்.

மூன்று நாள் செல்போனும் கையுமாகவே கிடந்தார். நான்காம் நாள் ஓடி வந்தார்.

"சார், கதை!"

"என்ன கதை?"

"இப்ப ட்ரெண்டே கதைதான் சார். பொருளை ஒருத்தரும் வாங்குறதில்ல. அதுல இருக்கிற கதையத்தான் வாங்குறாக."

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்தால் கொடுத்தவர் பேரை அதில் வெட்டிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு அவர் வீட்டில் ஒரு விசேஷம் என்றால், பேரைப் பார்த்து அதே அளவுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு பாத்திரக்கடையிலும் பேர் வெட்டுகிற சின்ன மிஷின் ஒன்று உண்டு. ட்ரெண்டிடமும் இருந்தது. அவர் கண் அதன் மேல் விழுந்துவிட்டது.

ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு தொடர்கதையின் ஓர் அத்தியாயம். ஒன்றை வாங்கினவர் அடுத்ததற்கு ஏங்கி மறுபடி கடைக்கு வருவார். இதுதான் திட்டம். கதையையும் அவரே எழுதினார். செல்லக்கிளி என்று ஒரு பெண். அவளிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருவன் மலைக்கு மேலே எஸ்டேட் வேலைக்குப் போகிறான். அவள் தினமும் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள்.

பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் பதினான்கு குடும்பம், வீட்டுக்கு ஒருவராக ஒரே வேனில் வந்து பதினான்கு பாத்திரம் எடுத்தார்கள். நாலு மாடிக் கடையை விட்டுவிட்டு எதற்கு இங்கே வந்தார்கள் என்றால், அங்கே வேன் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. ட்ரெண்டுக்குக் கை கால் ஓடவில்லை. பேர்களை எல்லாம் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, "நீங்க சாப்பிட்டு வாங்க, வெட்டி வைக்கிறேன்" என்று அனுப்பினார்.

வெட்டினார். அண்டாவில் முதல் அத்தியாயம். குடத்தில் இரண்டாவது. தாம்பாளத்தில் மூன்றாவது. கரண்டி ஒன்று இருந்தது. அதில் இடமில்லாததால் பதினோராவது அத்தியாயம் முழுவதும் "ஐயோ!" என்று ஒரே சொல்லில் முடிந்தது.

கதை நீண்டு, பேர் வெட்ட இடமில்லாமல் போனது. மறந்துவிட்டார் என்பது என் கட்சி. கதைக்கு நடுவில் பேர் வந்தால் படிக்கிறவர் கவனம் சிதறும் என்பது அவர் கட்சி. எப்படியோ, எல்லாவற்றையும் கலர் பேப்பரில் சுற்றி ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கடை வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. முதலில் இறங்கியவர் பெண்ணின் தாய்மாமன், கெங்குவார்பட்டிக்காரர். ஆறடிக்குக் குறையாத ஆள். இடுப்பில் அண்டாவைக் குழந்தை மாதிரித் தூக்கி வைத்திருந்தார்.

"யாருய்யா இங்கன கடைக்காரரு? யாரு அந்தச் செல்லக்கிளி? அவ வீடு எங்கன இருக்கு?"

பாத்திரத்தில் ஒரு பெண் பேர் இருந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான், அவள்தான் கொடுத்திருக்கிறாள். கரண்டி நீங்கலாகப் பதின்மூன்று பாத்திரத்திலும் ஒரே பெண் பேர். அதிலும் குடத்தில், "வருவேன்னு சொல்லிட்டுப் போனீகளே, மறந்துட்டீகளா?" என்று அழுகிறாள். மாப்பிள்ளையோ இரண்டு வருஷம் மலைக்கு மேலே எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்தவன். பெண் அழுதுகொண்டே கெங்குவார்பட்டிக்கே திரும்பிப் போய்விட்டாளாம்.

ட்ரெண்டு என்ன செய்தார் தெரியுமா? முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"படிச்சீகளாண்ணே? எப்படி இருந்துச்சு?"

தாய்மாமன் கையை ஓங்கிவிட்டார். ஈஸ்வரி குறுக்கே பாய்ந்தாள்.

"அண்ணே, அது கதைண்ணே! இவுகளா எழுதுனது! செல்லக்கிளின்னு ஒருத்தியும் கெடையாது!"

"கதையா? ஏலே, அண்டாவுல யாராச்சும் கதை எழுதுவானா?"

"அது ஒண்ணுதாண்ணே ஊருல இல்லாம இருந்துச்சு" என்றார் ட்ரெண்டு.

கதைதான் என்று நிரூபிக்க ஒரே வழி இருந்தது. பதினான்கு பாத்திரத்தையும் வேனிலிருந்து இறக்கி, எண் வரிசைப்படி தரையில் அடுக்கி, ட்ரெண்டு முதலிலிருந்து வாசித்தார். மூன்றாம் அத்தியாயத்தில் எதிர்க் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். ஆறாம் அத்தியாயத்தில் டீக்கடை காலியாகிவிட்டது. தெருவை அடைத்துக் கூட்டம். எட்டில், பஸ் ஸ்டாண்டில் மழை பெய்கிறது, அவள் நனைந்துகொண்டே நிற்கிறாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பதினொன்றில் ட்ரெண்டு கரண்டியை உயர்த்தி "ஐயோ!" என்றபோது தாய்மாமன் என் ஸ்டூலைப் பிடுங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பதினான்கு முடிந்தது. கடைசிப் பஸ் மலையிலிருந்து இறங்கி வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. தொடரும்.

கூட்டம் ஓர் அடி முன்னால் நெருங்கியது.

"அப்புறம்?" என்றார் தாய்மாமன்.

"அது தை முகூர்த்தத்துல வருதுண்ணே."

"அடப்பாவி! அவன் வந்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லுய்யா!"

"எனக்கே இன்னும் தெரியலண்ணே."

சந்தேகம் தீர்ந்தது. மாப்பிள்ளை பிழைத்தான். ஆனால் தாய்மாமன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "கதை நல்லாத்தான் இருக்கு. அதுக்காக ஒருத்தி கண்ணீருல எம்புள்ள சோறு பொங்க முடியுமா? எல்லாத்தையும் எடுத்துட்டு, பேரு வெட்டி வேற குடு."

அதிலும் ஒரு வம்பு. யார் எதைக் கொடுத்தார்கள் என்ற சீட்டு காற்றில் பறந்துபோயிருந்தது. விசாரித்தால், அண்டா கொடுத்தது தாங்கள்தான் என்று ஐந்து குடும்பம் சத்தியம் செய்தது. கரண்டி கொடுத்த குடும்பம் இன்றுவரை அகப்படவில்லை.

வேன்கள் போன பிறகு ட்ரெண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண் மட்டும் ஜொலித்தது.

"சார், எத்தனை பேரு?"

"நூத்தி நாப்பத்து மூணு."

"பாத்தீகளா! நாலு மாடிக் கடைக்குக்கூட ஒரே நேரத்துல இவ்வளவு பேரு வந்திருக்க மாட்டாக." பிறகு மெதுவாகக் கேட்டார். "வாங்குனது?"

முப்பத்து நான்கு வருஷ சர்வீசில் ஓர் எண்ணைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. ஒருவர்கூட வாங்கவில்லை. திரும்பி வந்ததுதான் பதினான்கு.

"கூட்டத்துல சரியா எண்ண முடியல தம்பி" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுந்து போய் எனக்கு டீ சொன்னார்.

அதற்கப்புறம், அந்தக் கடையில் பாத்திரம் எடுத்தால் பெண் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிடும் என்று எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கப் பேச்சு பரவியது. ஆவணியின் கடைசி முகூர்த்தத்தன்று உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் வழி கேட்டார். ஒருவர் தண்ணீர் கேட்டார். இன்னொருவர் செல்லக்கிளிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஈஸ்வரி எழுந்து வந்தாள். சாவியை எடுத்துக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கட்டடக்காரரிடம் கொடுத்தார்.

இப்போது அங்கே செல்போன் கடை. மலைப்படம் வரைந்த சுவரில் செல்போன் உறைகள் தொங்குகின்றன. ஜன்னலை மட்டும் யாரும் திறக்கவில்லை. ட்ரெண்டு தேனியில் மச்சினன் கடையில் எடை போடுகிறார். அந்தக் கடையில் பேர் வெட்டுகிற மிஷினுக்கு மேலே புதிதாக ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள்: "இங்கே பேர் மட்டுமே வெட்டப்படும்."

கடையைக் காலி செய்த அன்று எனக்கு ஒரு சின்னச் சொம்பு கொடுத்தார். "உங்க வீட்டுல இனிமே விசேஷம் ஒண்ணும் வராது சார். அதான் சும்மா குடுக்குறேன்" என்றார். கதையின் முடிவைத்தான் வெட்டியிருப்பார் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கதை இல்லை. அவருடைய பேர் மட்டும் இருந்தது. இத்தனை நாள் பழகியும் எனக்குத் தெரியாத, அவர் அப்பா வைத்த பேர்.

பேர் வெட்டிய பாத்திரம் வந்துவிட்டால் திருப்பிச் செய்தாக வேண்டும். தினமும் அந்தச் சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டே, இந்த மனுஷனுக்கு என்ன செய்வது என்று யோசிக்கிறேன். ஒரு யோசனையும் வரமாட்டேன் என்கிறது. கேட்கலாம் என்றால், யோசனை சொல்லத் தெரிந்த ஒரே ஆளும் தேனிக்குப் போய்விட்டார்.