மாமன் கொண்டுவந்த பொம்மைகள்

குழந்தை மூன்றாவது முறையாக வீறிட்டபோது மந்திரமூர்த்தி கரும்புக் கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, நீ ஏன் வெளிய போற? புதுமுகம்லா, அதான் அழுதா. உள்ள வா" என்றாள் தங்கை சுகிர்தா.

"இருக்கட்டும்ட்டி. நான் இங்கனயே நிக்கேன். பிள்ளைக்கு மூச்சு முட்டிரப் போவுது."

அம்பாசமுத்திரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார் அவர். எழுநூறு பிள்ளைகள் கூடிய மைதானத்தில் வாயைத் திறக்கவே மாட்டார். மீசையை ஒரு பக்கம் லேசாக முறுக்குவார். எழுநூறு பேரும் வரிசையாகிவிடுவார்கள். இருபது வருடமாக எண்ணெய் போட்டு வளர்த்த மீசை. அப்பேர்ப்பட்ட மனிதர், பத்துக் கிலோகூடத் தேறாத ஒரு ஜீவனுக்கு முன்னால் கைகட்டி வாசலில் நின்றார்.

சுகிர்தாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் மதி. பிறந்தது, தவழ்ந்தது எல்லாம் புனேயில். மந்திரமூர்த்தி போகக் கிளம்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு விளையாட்டுப் போட்டி வந்து குறுக்கே நின்றது. பதினோரு மாதமும் மருமகளைப் போனில்தான் பார்த்தார். போனில் அவள் அழுததே கிடையாது. மாமன் முகம் தெரிந்ததும் கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு திரையைப் படார் படாரென்று அடிப்பாள். "மாமனக் கூப்பிடுதா பாத்தியளா!" என்று மற்ற வாத்தியார்களிடம் காட்டிக் காட்டி அவர் போன் தேய்ந்ததுதான் மிச்சம்.

இப்போது மதிக்குத் தலைப் பொங்கல். அதற்காகத்தான் சுகிர்தா பிள்ளையோடு புகுந்த வீடான ஆழ்வார்குறிச்சிக்கு வந்திருந்தாள். போகியன்று பிறந்தவீட்டுச் சீராகப் பொங்கல்படி குறைவில்லாமல் வந்து இறங்கியது. வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, ஒரு ஆள் உயரத்துக்கு வாழைத்தார். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன கொடுக்க வேண்டும் என்பது எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். பதினோரு மாதப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தை ஐந்தாம் தேதி சாஸ்தா கோயிலில் மதிக்குக் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் மந்திரமூர்த்தி ஒன்பது வருடம் காத்திருந்தார். அவருக்குச் சொந்தமாகப் பிள்ளைகள் கிடையாது.

"அண்ணாச்சி, இப்படி அழுதா அன்னைக்கு ஊசி எங்கயாவது பட்டுரும்லா. வேணும்னா நான் மடியில வச்சுக்கிடுதேன்" என்றான் சிவசங்கரன். சுகிர்தாவின் கொழுந்தன். மழுமழுவென்று சவரம் செய்த முகம். மதி அவன் இடுப்பில் ஏறி உட்கார்ந்து அவன் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். மந்திரமூர்த்தியின் காதில் அது சொத்தை எழுதி வாங்க வந்தவன் பேச்சாக விழுந்தது.

"வேண்டாம்ய்யா. அஞ்சாறு நாள் கெடக்கு. அதுக்குள்ள பிள்ளையப் பழக்கிருவேன்."

அன்று சாயங்காலமே கடைக்குப் போய், இருப்பதிலேயே அருமையான பொம்மையைக் கேட்டார். கடைக்காரர் ஒரு பாட்டரி நாயை எடுத்துத் தரையில் விட்டார். அது நாலு அடி நடந்தது, வாலாட்டியது, குரைத்தது. நாற்பத்திரண்டு வயது மந்திரமூர்த்தி வாய் பிளந்து நின்றார்.

பொங்கலன்று, பானை பொங்குகிற நேரம் பார்த்து அதை முற்றத்தில் விட்டார். நாய் குரைத்தது. மதி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமனைப் பார்த்தாள், கையை நீட்டினாள், அவர் இரண்டடி தள்ளி நின்றதும் வீறிட்டாள். அதற்குள் நாயின் குரலைக் கேட்டுத் தெருநாய்கள் நாலு நடைக்குள் நுழைந்துவிட்டன. நிறுத்துகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாய் பொம்மையைக் கவ்விக்கொண்டு ஓட, மற்ற மூன்றும் பின்னால் ஓடின. தெரு முனைவரை குரைப்புச் சத்தம் கேட்டது. எது நிஜ நாயின் சத்தம் என்றுதான் தெரியவில்லை.

"சின்னதா வாங்கினதுதான் தப்பு" என்று மந்திரமூர்த்தி முடிவு செய்தார்.

மறுநாள் அவர் கொண்டுவந்த கரடி, உட்கார்ந்த நிலையிலேயே அவர் தோள் உயரம் இருந்தது. பைக்கில் பின்னால் உட்கார வைத்து, தன் இடுப்போடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். வழியில், ஆற்றில் குளித்துவிட்டு வந்தவர்கள் பாலத்தில் ஈரத்துணியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாலையில் ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்தார்.

"பின்னால இருக்கவருக்கு எங்க சார் ஹெல்மெட்?"

"பொம்ம சார்."

"தெரியுது சார். உங்களுக்கும் இல்லல்லா, அதத்தான் பைய கேட்டேன்."

கரடியைப் பார்த்து மதி உண்மையிலேயே பயந்தாள். அது இருந்த அறைக்குள் வரவே மறுத்தாள். கரடியை மச்சுக்கு ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

அழுத களைப்பில் அவள் மத்தியானம் தூங்கிப்போனாள். மந்திரமூர்த்தி செருப்பைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்த சாவியையும் எடுத்து வைத்துவிட்டு, தொட்டில் பக்கம் போனார். முதல் தடவையாகக் கிட்டே நின்று பார்த்தார். சுண்டுவிரலில் நகம் இருந்தது. உளுந்தில் பாதி அளவு நகம். அதையும் யாரோ மெனக்கெட்டுச் செய்து வைத்திருக்கிறார்கள். மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்கியது. தூக்கத்தில் எதையோ நினைத்து உதட்டைக் கோணிச் சிரித்தாள். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாநில அளவில் நான்கு கோப்பைகளை வாங்கியபோதுகூட இப்படி ஆனதில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றார். கால் மரத்துப்போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

தை மூன்றாம் தேதி ஒரு மர நடைவண்டியோடு வந்தார். அம்பாசமுத்திரத்துச் சாமான், சிவப்பும் மஞ்சளும் பளபளக்கும்.

அதை மதிக்குப் பிடித்துவிட்டது. கைப்பிடியைப் பற்றி எழுந்து நின்றாள். வண்டி உருண்டது. அவளும் உருண்டாள். பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியை விட்டுவிட்டாள்.

ஓர் அடி. இன்னோர் அடி.

"ஏ, நடக்கா! பிள்ளை நடக்கா!" என்று சுகிர்தா கத்தினாள்.

மதி தன் வாழ்க்கையின் முதல் மூன்று அடிகளை நேரே மாமனைப் பார்த்து வைத்தாள், இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு. மந்திரமூர்த்திக்கு, உலகத்தில் இதைவிடப் பெரிய காரியம் நடந்துவிட முடியாது என்று தோன்றியது. இந்த நேரம் பார்த்து நம் முகத்தைக் கண்டு பிள்ளை பயந்து விழுந்துவிட்டால்? சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மதி பொத்தென்று உட்கார்ந்து, அதுவரை அழுததெல்லாம் ஒத்திகை என்பதுபோல் அழுதாள்.

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே?" சுகிர்தா தயங்கினாள். "பொம்மையில ஒண்ணுமில்ல. உன் மீசையப் பாத்துதான் பிள்ளை பயப்படுதா."

சிவசங்கரன் தன் மழுமழு மேலுதட்டைத் தடவிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தான்.

மறுநாள் சவரக் கடையில் கத்தியை எடுத்தவர் மூன்று தடவை கேட்டார். "நெசமாவே எடுக்கணுமா சார்? யோசிச்சுக்கிடுங்க. இத வளக்க இனி எத்தன வருசம் ஆவும்?"

"பேசாம எடும்வே" என்று மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி சங்கரி, "சார் வெளிய போயிருக்காவ" என்று சொல்லி மறுபடி சாத்தினாள். இரண்டாம் தடவை திறந்தவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளைக்காண்டியா?"

"ஆமா."

"நல்ல காரியந்தான் பண்ணியிருக்கிய" என்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கொஞ்சம் சிரிப்பும் அதில் கலந்திருந்தது.

தை ஐந்து. சாஸ்தா கோயில் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து மந்திரமூர்த்தி சம்மணமிட்டு உட்கார்ந்தார். சுகிர்தா சாமியைக் கும்பிட்டுக்கொண்டே மதியை அவர் மடியில் வைத்தாள்.

மதி அழவில்லை.

அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். விரலை நீட்டி அவர் மேலுதட்டைத் தொட்டாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அப்புறம் அவர் வாய்க்குள் விரலை விட்டுத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியாண்ணே? நான் சொன்னம்லா!" சுகிர்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மந்திரமூர்த்தியின் மடியில் மருமகள் இருக்கிறாள். வேட்டியின் வழியே அவள் சூடு தெரிகிறது. ஒன்பது வருடமும் ஒரு மீசையும் இதற்குக் கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். கண்ணீர், மறைக்க ஒன்றுமில்லாத மேலுதட்டில் நேரே வழிந்தது.

அந்த நேரத்தில்தான் காது குத்துகிற தில்லைநாயகம் ஆசாரி ஊசியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவருக்கும் மீசை. வெள்ளை வெளேரென்று, இரண்டு பக்கமும் காதுவரை.

"ஐயய்யோ, ஆசாரியாரே! மூஞ்சியத் துண்டால மூடிக்கிடுங்க" என்று சுகிர்தா பதறினாள். "பிள்ளைக்கு மீசைன்னாலே பயம். எங்கண்ணன் அதுக்காண்டியே இருவது வருச மீசைய நேத்து எடுத்துட்டு வந்திருக்காவ."

ஆசாரி துண்டைத் தேடக் குனிந்தார். மதி ஒரே தாவாகத் தாவினாள். இரண்டு கைகளாலும் அந்த வெள்ளை மீசையைக் கொத்தாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, போனில் கேட்ட அதே சிரிப்பைக் கெக்கெக்கென்று மரத்தடி முழுக்கச் சிரித்தாள்.

பிடிபட்ட தலையை நிமிர்த்த முடியாமல், கண்ணில் நீர் முட்ட, ஆசாரி சொன்னார்:

"பயம்னு யாரு சொன்னது அண்ணாச்சி? பிடிச்சு இழுக்க மீசையக் குடுக்கலன்னுல்லா பிள்ளை இத்தன நாளும் அழுதிருக்கு!"