ஒன்றரை அடிக்கு ஒரு போர்

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தபால்காரர் முடிவு கட்டியபோது காலை ஆறு மணி. பல்கூடத் துலக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் புது வேலி போட்டிருந்தார். அது ஒன்றரை அடி தம் பக்கம் ஏறி வந்துவிட்டதாகத் தபால்காரருக்குச் சந்தேகம்.

"பேசாம விடுங்க. சர்வேயர் கிர்வேயர் எதுவும் வேண்டாம்," என்றாள் மனைவி.

"ஏன் வேண்டாம்?"

"தையல்காரர் அளவிலேயே பொழைக்கிறவர். அவர்கிட்ட நீங்க ஜெயிக்க முடியாது."

"யாரு, நானா? இந்த ஊர்ல எந்த வீடு எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுதுன்னு எனக்குத் தெரியும்டி!"

"சொன்னா கேளுங்க. மனு மட்டும் எழுதிடாதீங்க. பேனா அலமாரியிலதான் இருக்கு, தொடாதீங்க."

ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். பேனாவோடு மனுத்தாளும் இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

வேலியை ஒட்டி அவர் தம் கையாலேயே கட்டிய தகரக் கொட்டகை ஒன்று உண்டு. உள்ளே பதினேழு பழைய ரேடியோ. ஒன்றுகூட வாயைத் திறக்காது. ஆனாலும் அவை அவருக்குப் பெற்ற பிள்ளைகள் மாதிரி. அந்தக் கொட்டகை சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டு அரிசியில் கல் பொறுக்கும் கஷ்டம் பொறுக்குகிறவளுக்குத்தானே தெரியும்? பதினோரு வருஷமாக அதை இடிக்கச் சொல்லி அவள் தொண்டை வற்றிப்போனாள்.

சர்வேயர் சங்கிலியும் வரைபடமுமாக வந்து இறங்கிய அன்று தபால்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அளவு எப்படி வந்தாலும் ஒத்துக்கிறோம்னு ரெண்டு வீட்டுக்காரங்களும் முதல்ல கையெழுத்துப் போடணும்," என்றார் சர்வேயர்.

"கொண்டாங்க! முதல் கையெழுத்து என்னோடதுதான்!"

காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார். தையல்காரரும் தலையைச் சொறிந்துகொண்டே போட்டார்.

தெருமுனைக் கல்லிலிருந்து சங்கிலி நீண்டது. வேலியைத் தாண்டியது. நிற்கவில்லை. நேரே கொட்டகைக்குள் நுழைந்து, ரேடியோக்களுக்கு நடுவில் போய் நின்றது.

"இங்கே தோண்டுங்க."

தபால்காரர் தாமே பூசிய சிமென்ட் தரையை உடைத்தால், அடியில் எல்லைக்கல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"பாதிக் கொட்டகை தையல்காரர் மனையில இருக்கு சார். எடுத்துடுங்க. வேலியைக்கூட அவர் உங்களுக்காக ஒன்றரை அடி விட்டுக்கொடுத்துத்தான் போட்டிருக்கார்."

"சண்டை வேண்டாமேன்னுதான் நான் வாயே திறக்கல சார்," என்றார் தையல்காரர் கூச்சத்தோடு.

தபால்காரர் ஒரு ரேடியோவை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். சர்வேயர் சங்கிலியைச் சுருட்டியபடி மனைவியின் பக்கம் திரும்பினார்.

"போன மாசம் நீங்க கூப்பிட்டு அளந்தப்பவும் இதே கணக்குதானேம்மா! வீட்டுக்காரர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி, அவர் போடவே மாட்டார்னீங்களே. எப்படித்தான் வாங்கினீங்க?"

"நான் எங்கே வாங்கினேன்? அவராத்தான் ஓடி வந்து போட்டார்," என்றாள் அவள்.