அப்பாவின் எக்ஸ்ரேயில் வைத்த ரசமட்டம்

தெரிந்த தொழிலை வைத்துத் தெரியாததையெல்லாம் அளக்கிற வியாதி எனக்கு உண்டு. திண்டுக்கல்லில் வீடு கட்டிக் கொடுப்பவன் நான். விருந்துக்குப் போன வீட்டிலும் சுவர் நேராக நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சேவுகம்பட்டியில் கத்தரி, தக்காளி போடுகிற அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. டவுனுக்கு அழைத்து வந்து எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் சாயங்காலம்தான் வருவார். அதுவரை சும்மா இருக்க மாட்டாமல் படத்தை என் வீட்டு ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். நுரையீரல்களுக்கு அடியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இரண்டு வளைவுகள். ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டின் உச்சியையும் தொடும்படி ரசமட்டத்தை வைத்தேன். (சிரிக்காதீர்கள், உண்மையாகவே வைத்தேன்.) குமிழி ஒரு பக்கமாக ஓடிவிட்டது. கட்டடம் என்றால் அஸ்திவாரம் போச்சு என்று அர்த்தம். அப்பா இல்லாத வீட்டை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"என்னப்பு, மூஞ்சி இப்படிப் போகுது?" என்றார் அப்பா.

"ஒரு பக்கம் இறங்கியிருக்குப்பா."

கன்னிவாடி அத்தைக்கு மட்டும் போனில் சொன்னேன். (அத்தைக்கு மட்டும் சொல்வது என்றால் சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்வது.) பொதுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைக்காகச் சண்டை போட்டு, பல வருஷமாக அப்பாவோடு பேசாத சித்தப்பா, டாக்டர் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நான் போயிட்டா கெணத்த நீயே பாத்துக்கடா."

"அப்படிச் சொல்லாதண்ணே."

இருவரும் அழுதார்கள். நானும்தான்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "சளிதான். மருந்து தாரேன், சரியாயிரும்."

"அந்த வளைவு ரெண்டும் சமமா இல்லையே, டாக்டர்?"

"அது உதரவிதானம். வலது பக்கம் அடியில ஈரல் இருக்குல்ல, அதான் அந்தப் பக்கம் செத்த ஒசந்து தெரியுது. அநேகமா எல்லாருக்கும் அப்படித்தான். ஒங்களுக்கும்."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மெதுவாகக் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். சித்தப்பா விடவில்லை.

இன்றும் விசேஷ வீடுகளில் அப்பா இதைச் சொல்லிச் சிரிக்காமல் இலையில் கை வைப்பதில்லை. "எம் மகனுக்கு எக்ஸ்ரே பாக்கத் தெரிஞ்சிருந்தா, எந்தம்பி இன்னிக்கி எம் பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டான்."