சீசாவும் அரியலூர்க் கடலும்

மனிதர்கள் எல்லாரையும் நம்பி, தண்ணீரை மட்டும் நம்பாத ஒரே ஆள் இந்த உலகத்தில் சீசாதான். ஓட்டுக் கேட்டு வந்தவனை நம்புவான். "பெட்டியைப் பாத்துக்கறேன், நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்று ரயிலடியில் சொன்ன முன்பின் தெரியாதவனை நம்புவான். ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினால் மட்டும் திருடனைப் பிடித்த போலீஸ்காரன் மாதிரி கேட்பான்: "இது எங்க புடிச்சதுங்க?"

அவன் நிஜப் பேர் எனக்குத் தெரியும். வருகைப் பட்டியலை மாதாமாதம் டைப் அடித்தவன் நான்தான். ஆனாலும் எழுத மாட்டேன். ஊரே அவனைச் சீசா என்றுதான் கூப்பிட்டது. எங்கள் சுகாதார ஆபீசில் அவன் தினக்கூலி. கண்ணாடிச் சீசாவில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, திருச்சியில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. எந்தத் தண்ணீரை? கடல் தண்ணீரை.

அரியலூரில் ஏது கடல் என்று கேட்பீர்கள். இருந்தது. ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் வெட்டிய பெரிய குழி ஒன்று. வெட்டிக்கொண்டே போனபோது ஊற்று உடைந்து தண்ணீர் ஏறிவிட்டது. எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெட்டியவர்கள் போய்விட்டார்கள். குழியின் சுவர் முழுக்கச் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். படித்தவர்கள் சொன்னார்கள். உடனே எங்கள் ஜனங்கள் அதற்குக் கடல் என்று பேர் வைத்துவிட்டார்கள். எழுபதுகளின் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரம்பலூரிலிருந்தே துண்டும் சோப்புமாக வருவார்கள். "கடல் எறங்கு! கடல் எறங்கு! புள்ளைய விட்டுட்டு எறங்காத!" என்று கண்டக்டர் கத்துவான்.

தண்ணீர் பச்சையும் நீலமுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாரா வாரம் சீசா எடுத்துப் போன தண்ணீருக்குத் திருச்சியிலிருந்து வரும் பதில் மட்டும் மாறவே மாறாது: 'குளிக்கத் தகுதியற்றது.' அந்தக் காகிதத்தைக் கார்பன் வைத்து மூன்று பிரதி அடிப்பது என் தலையெழுத்து.

அதோடு விட்டதா? தண்ணீர் எடுக்கும்போது ஒரு சாட்சி வேண்டும் என்று விதி. ஆபீசில் எல்லாருக்கும் வேலை இருந்தது, எனக்கும் இருந்தது, ஆனால் நான் இளையவன். திங்கட்கிழமை காலையில் சைக்கிளை மிதித்து அவன் பின்னால் போவேன். காக்கி டவுசரோடு மார்பளவு தண்ணீரில் இறங்குவான். சீசாவைத் தலைகீழாக முழங்கை ஆழத்துக்கு அமுக்கி, அங்கே திருப்பி நிரப்பி, மூடி போட்டு, குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி தூக்கி வருவான். நான் கரையில் நின்று 'என் முன்னிலையில் எடுக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் வரலாம் அல்லவா? வர மாட்டான். தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கரையைச் சுற்றி நடப்பான்.

"குளிக்கிறவங்க வாய மூடிக்கிட்டுக் குளிங்க! வாய மூடிக்கிட்டுக் குளிங்க!"

அதைக் கேட்டவன் எவனும் வாயை மூடியதில்லை. சிரிப்பான். சிரித்தால் தண்ணீர் உள்ளே போகும். ஆக, அவன் கத்தியதால் எத்தனை பேருக்குக் கூடுதலாக வயிற்றுப்போக்கு வந்தது என்று எவனும் கணக்கெடுக்கவில்லை.

ரயிலில் அவனோடு ஒருமுறை திருச்சிக்குப் போனேன். இனிமேல் போக மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன். நிற்க இடமில்லாத கூட்டம். ஐஸ் பெட்டியைப் பார்த்து ஒரு அம்மா, "தம்பி, பால் ஐஸ் ரெண்டு குடு" என்றாள். "ஐஸ் இல்லீங்க, கிருமி" என்றான். அது எப்படி வயிற்றுக்குள் போகும், போய் என்ன செய்யும், வெளியே எப்படி வரும் என்று நிறுத்தி நிதானமாக விளக்கினான். அடுத்த ஸ்டேஷனில் பாதிப் பெட்டி இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டது. நாங்கள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போனோம்.

கடல் இருந்த ஊரின் பஞ்சாயத்து பிரசிடெண்டுக்கு இவனைக் கண்டால் ஆகாது. அவருடைய பன்னிரண்டு எருமைகளும் அந்தத் தண்ணீரில்தான் கிடந்தன. "எரும அந்தக் கரையில கெடக்குது, மனுஷன் இந்தக் கரையில குளிக்கறான். ஒனக்கு என்னய்யா நோவு?" என்பார்.

"தண்ணிக்கு இந்தக் கரை அந்தக் கரை தெரியாதுங்களே" என்பான் சீசா.

ஒருமுறை பிரசிடெண்ட் மனம் மாறி, தண்ணீரைச் சுத்தம் செய்யப்போவதாகச் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தால் மேளம் முழங்குகிறது. குடம் குடமாகக் கோமியமும் மஞ்சளும் கரைத்து, நாங்கள் தண்ணீர் எடுக்கும் இடமாகப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "இப்ப புடிச்சுக்கய்யா, சுத்தம்னா சுத்தம்!" அந்த வாரம் பரிசோதனைக் கூடத்திலிருந்து, 'இது குளமா, மாட்டுத் தொழுவமா?' என்று கேட்டுத் தனிக் கடிதமே வந்தது. அதையும் மூன்று பிரதி அடித்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில் ஒரு ஆடி மாதம் நெருங்கியது. பதினெட்டாம் பெருக்குக்கு எல்லாரும் கொள்ளிடத்துக்குத்தான் போவார்கள். அந்தக் கூட்டத்தைத் தன் கடலுக்கு இழுக்க வேண்டும் என்று பிரசிடெண்டுக்கு ஆசை வந்துவிட்டது. படிக்கட்டு கட்டினார், வளைவு வைத்தார். பாக்கி இருந்தது எங்கள் ஆபீஸ் சான்றிதழ் ஒன்றுதான். எங்கள் ஆபீசரும் அவரும் ஒரே இலையில் சாப்பிடாத குறை. ஆபீசர் சீசாவைக் கூப்பிட்டார்.

"ஒன்பது வருஷமா தினக்கூலியா இருக்கியே. ஒரே ஒரு சீசா நல்லா இருக்குன்னு வரட்டும். மறுநாள் ஒன் நிரந்தர ஆர்டர்ல கையெழுத்து."

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு வருங்க சார்."

"வர வையிய்யா!"

"எருமைய நிறுத்தினா வரும் சார்."

"அது யாரு எருமைன்னு தெரியுமா?"

"தெரியும் சார். பன்னெண்டுக்கும் பேரு தெரியும்."

ஆபீசர் பைலைத் தூக்கி மேசையில் அடித்தார்.

அந்த ஆர்டர் அவனுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன முதல் ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போன பூலாம்பாடி மாமனார், திருப்பி அனுப்பவே இல்லை. "நெரந்தர ஆர்டரக் கொண்டாந்து காட்டுங்க மாப்ள, அன்னிக்கே அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டார். அது மூன்றாவது ஆடி. மாதம் ஒருமுறை பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போவான். வாசலில் உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்புவார்கள். மோரில் என்ன தண்ணீர் ஊற்றினார்கள் என்று மாமியாரிடம் கேட்டதாகவும் கேள்வி. பிறகு எப்படி அனுப்புவார்கள்?

அவன் நேர்மையைப் பார்த்து எனக்கு மரியாதை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எருமைக்காக எவனாவது பெண்டாட்டியை இழப்பானா? நானே முடித்து வைக்கிறேன் என்று இறங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை கடலில் தண்ணீர் எடுத்து ஆபீசுக்கு வந்தோம். அவன் ஐஸ் வாங்கப் பெட்டியோடு போனான். சீசா என் மேசை மேல் இருந்தது. நான் கடலைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, எனக்குத் தெரிந்த நல்ல தண்ணீரைப் பிடித்தேன். ஆபீஸ் குழாய்த் தண்ணீர். எங்கள் தெருவில் எல்லாம் உப்பு. என் மகளுக்கு அப்போது நாலு வயது. அடிக்கடி வயிற்றுப்போக்கு, கை கால் எல்லாம் குச்சி. அவளுக்காகவே தினமும் சாயங்காலம் அந்தக் குழாயில் ஒரு குடம் பிடித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். வியாழக்கிழமை ஊசி போட வரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அதைத்தான் குடிப்பார்கள். சுகாதார ஆபீஸ் தண்ணீரைவிடச் சுத்தம் எங்கே இருக்கும்?

சீசா போனது. பத்து நாளில் காகிதம் வந்தது. ஆபீசர் படித்தார். முகம் கறுத்தது. 'குளிக்கத் தகுதியற்றது. இதுவரை வந்தவற்றில் மிக மோசம்.' காகிதத்தை அவன் மூஞ்சியில் எறிந்தார்.

சீசா அதைப் பொறுக்கி எடுத்து, அதிலிருந்த கிருமிக் கணக்கை ரொம்ப நேரம் படித்தான். என் மேசைக்கு வந்தான்.

"சார், இது கடல் இல்ல."

"என்னய்யா உளர்ற?"

"ஒன்பது வருஷமாப் பாக்கறேன் சார். கடல் மோசந்தான். இவ்வளவு மோசம் இல்ல." பெற்ற பிள்ளையைப் பற்றி யாரோ அபாண்டம் சொன்னது மாதிரி பரிந்துகொண்டு வந்தான். "இது மனுஷக் கழிவு சார். யாரு தண்ணி இது?"

தண்ணீரை மாற்றியதைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பா இதத்தான் குடிக்குதா?"

இருவரும் ஆபீசரிடம் போய்க் குழாயை மூடச் சொன்னோம். தண்ணீரை மாற்றினோம் என்று சொல்லவில்லை, சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னோம். "காகிதத்துல கடல்னு இருக்கு. ஆபீஸ்னு எங்க இருக்கு?" என்றார் ஆபீசர். "வேணும்னா முறைப்படி புதுசா சாம்பிள் அனுப்பு. முடிவு வரட்டும், பாப்போம்." இடையில் இரண்டு வியாழக்கிழமை வரும்.

சீசா பதிவேட்டை எடுத்தான். நான் பார்க்கப் பார்க்க எழுதினான்: 'மேற்படி நீர் கடலில் எடுத்ததல்ல. ஆபீஸ் குழாயில் எடுத்து நான் மாற்றி அனுப்பியது. சாட்சிக்குத் தெரியாது.' கையெழுத்துப் போட்டான்.

"யோவ், மாத்தினது நான்யா!"

"ஒங்க பேர எழுதினா ஒங்களுக்கு வேலை போயிடும் சார். எனக்கு இருந்தாத்தானே போறதுக்கு?"

"ஆர்டர்? பூலாம்பாடி?"

"குழாய மொதல்ல மூடட்டும் சார்."

பிடுங்கிக் கிழித்திருக்கலாம், நான்தான் என்று கத்தியிருக்கலாம். செய்யவில்லை. எனக்குக் குடும்பம் இருந்தது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அவனுக்கும் இருந்தது, பூலாம்பாடியில்.

பதிவேட்டில் ஏறிவிட்ட தண்ணீரைச் சர்க்காரால் குடிக்க முடியாது. நாளைக்கு ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஆபீசர் பதில் சொல்ல வேண்டும். அன்று மத்தியானமே குழாயை மூடினார்கள். தோண்டிப் பார்த்தால் குழாய் உடைந்து கக்கூஸ் சாக்கடைக்குள் கிடந்தது. அதைத்தான் ஆபீசர் நாலு வருஷமாக வெள்ளி டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் சீசாவை வேலையை விட்டு நிறுத்தி உத்தரவு வந்தது. காரணம்: மோசடி. ஒன்பது வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீரை மாற்றாதவனுக்கு மோசடிப் பட்டம். அதையும் நான்தான் மூன்று பிரதி அடித்தேன்.

பதினெட்டாம் பெருக்கன்று கடல் ஜேஜே என்று திறக்கப்பட்டது. சான்றிதழ் எவன் கேட்டான்? எருமைகளுக்குக் கொம்பில் வர்ணம் அடித்திருந்தார்கள்.

என் மகளுக்கு ஒரே மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தது.

இனி பூலாம்பாடிச் செய்தி. மாப்பிள்ளை சர்க்காரையே ஏமாற்றிச் சீசாவை மாற்றிவிட்டான் என்று மாமனார் காதுக்குப் போயிற்று. மறுநாளே பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். "நெரந்தரம் கெடக்குது கழுத! பொழைக்கத் தெரியாத ஆளுன்னு இத்தன நாளா நெனச்சுட்டேன் மாப்ள" என்று அவன் முதுகைத் தட்டினார். சீசா திருதிருவென்று முழித்துக்கொண்டு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். அவனுக்காக நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பிறகு லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் அவனைச் சோடா கம்பெனியில் சேர்த்துக்கொண்டார். "வாரத்துல ரெண்டு நாளு தண்ணி சரியில்லன்னு மிஷினையே நிறுத்திடறாருங்க" என்று பாய் என்னிடம் அழுதார். "அனுப்பிடுங்களேன்" என்றேன். "எங்க புள்ளைவளும் இதத்தானே குடிக்குதுவ, எப்படி சார் அனுப்பறது?" என்றார்.

என் மகள் கல்யாணத்துக்குப் பெண்டாட்டியோடு வந்தான். தலை நரைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நேராக மணமேடைக்குப் போய்ப் பட்டுப் புடவையில் இருந்தவளிடம் கேட்டான்: "பாப்பா, வயிறு நல்லாருக்கா?"

சம்பந்தி வீட்டார் முழித்தார்கள். முழிக்கட்டும். தாய்மாமனுக்குப் போட வேண்டிய முதல் மாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டேன். என் மைத்துனன் அன்று சாப்பிடாமல் எழுந்து போனவன், இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறான்.