பஹாருன்னிசாவும் நியூ பஹாரும்

786

தென்காசி,
22-7-1959.

பினாங்கில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் முகம்மது மீரான் அவர்களுக்கு, தென்காசி அத்தர்க்கடை மசூது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை ஹைருன் பீவியும் உங்கள் மருமகள் ஜைனபும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அங்கே அப்படியே இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். சாரல் இந்த வருஷம் நன்றாக விழுகிறது. மனதுக்கும் குறைவில்லையா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், நல்லக்கண்ணு ஊருக்கு வரும்போது அவர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய பார்சலைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

பேசித்தான் ஆகவேண்டும். நம் கடை பஹாருன்னிசா அத்தர் உங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பூசாமல் இந்த ஊரில் நிக்காஹுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை கிடையாது. அதைச் செய்கிற பம்பாய்க்காரனே இப்போது காலம் மாறிவிட்டது என்று அதை ஸ்பிரிட்டில் கலந்து, ரப்பர் உருண்டை மாட்டிய குப்பியில் அடைத்து, நியூ பஹார் என்று பெயர் வைத்துக் கப்பலேற்றுகிறான்; பினாங்கில் நீங்கள் வாங்கி அனுப்பியது அதைத்தான். பெயரிலேயே பாதியைக் காணோம். நிஸாவை, அதாவது பெண்பிள்ளையை, வீட்டைவிட்டு அனுப்பிவிட்டுப் புதுசு என்கிறான். இருந்தாலும் தொழில்காரன் பாரபட்சம் பார்க்கக்கூடாது என்று இடது கையில் பழசும் வலது கையில் புதுசுமாகக் கடையில் உட்கார்ந்தேன். பழசு முதலில் வாயே திறக்காது. நனைந்த கட்டை மாதிரி சும்மா கிடக்கும். உடம்புச் சூடு ஏற ஏற ரோஜா மெல்ல எட்டிப் பார்க்கும். மதியம் லுஹர் தொழுகைக்குப் போகும்போது ரோஜா ஒதுங்கிக்கொண்டு வெட்டிவேர் வரும். இரவு தலையணையில் சந்தனம் மட்டும் மிஞ்சும். சட்டையை வெளுக்கப் போட்டாலும் போகாது. புதுசு அப்படியில்லை. உருண்டையை அமுக்கினால் புஸ் என்று எலுமிச்சம்பழமும் ரோஜாவும் சோப்பும் ஒரே நேரத்தில் முகத்தில் வந்து விழும். ஐந்தருவிக்குப் பக்கத்தில் நின்றால் மேலே தெறிக்குமே, அந்த மாதிரி ஒரு ஜிலுஜிலுப்பு. நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் யார் வந்தது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம். வாசம் என்றால் வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகவேண்டாமா மச்சான்? ஸ்பிரிட்டும் சாராய வகைதானே, அதைப் பூசிக்கொண்டு தொழலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். குப்பியை வாங்கி முகர்ந்தவர், யோசித்துச் சொல்கிறேன் என்று கையிலேயே வைத்துக்கொண்டார். திரும்ப வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

வாங்கி வந்தது தப்பு. ஜைனப் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு நியூ பஹார்தான் அடிக்கவேண்டும் என்று உங்கள் தங்கை பிடித்த பிடியை விடவில்லை.

“இங்கேருங்க, உங்க அத்தரப் பூசுனா ஆளு செத்த மௌத்து வீட்டுக்கு வந்த மாதிரில்லா நெனைப்பாங்க. மாப்பிள்ள பி.ஏ. படிச்சவரு, பேண்டு போடுதவரு. எங்க அண்ணன் அனுப்புனதுதான் வேணும்.”

“ஏட்டி, அத்தர்க்கடைக்காரன் மக கல்யாணத்துலயே அத்தரு இல்லன்னா நாளைக்கு எவன் என் கடைப்படி ஏறுவான்?”

அடுப்படியில் இருந்த ஜைனப்தான் வழி சொன்னாள். “எதுக்கு வாப்பா சண்ட? ஞாயித்துக்கிழம குத்தாலத்துக்குப் போறோம்லா, மாமாவயே ரெண்டையும் மோந்து பாக்கச் சொல்லுங்க. அவங்க எதச் சொல்லுதாங்களோ அதையே வச்சுக்கிடுவோம்.”

மாமா என்றது மாப்பிள்ளை ரஹ்மத்தின் வாப்பாவை. அச்சன்புதூர் அரிசி வியாபாரி அப்துல் மஜீது. மனைவி சுல்தான் பீவியோடு குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்திருந்தார். ஒரு குளியல் போட்டு, நம் வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டு, நிக்காஹுக்கு நாள் குறித்துவிடுவதாக ஏற்பாடு. பெண்கள் லாட்ஜில் இருந்துகொண்டார்கள், நாங்கள் இருவரும் பேரருவிக்குப் போனோம். சம்பந்தி தங்கமான மனுஷர். பேச்சு குறைவு, எது கேட்டாலும் தெரியாது என்று மட்டும் சொல்லமாட்டார். சுந்தரபாண்டி என்கிற எண்ணெய் தேய்க்கிற ஆள் அவரைக் கல்லில் குப்புறப் படுக்கவைத்தான். குளித்து முடித்ததும் காதோரம் ஒரு சொட்டு பஹாருன்னிசா வைத்து, எப்படி என்று கேட்பது என் திட்டம். அதனால் அத்தர்க் குப்பியை அவன் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேட்டியை அவிழ்த்துத் துண்டைக் கட்டித் திரும்பினேன். திரும்பினால், குப்பியை அப்படியே எண்ணெயில் கவிழ்த்துச் சம்பந்தி முதுகில் போட்டு அரக்கித் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

“ஏலே! ஏலே! என்ன செய்யுத?”

“கத்தாதிய மொதலாளி. சளி பிடிக்காம இருக்க நீங்க கொண்டாந்த தைலம்லா? நல்லா உள்ள எறங்குது.”

கல்லில் கிடந்த சம்பந்தி, “நல்லாத்தான இருக்கு, தேய்க்கட்டும்” என்றார்.

ஒரு சொட்டு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காணும் மச்சான். இவருக்கு ஒரு குப்பி! அருவிக்கு அடியில் நின்றார், நின்றார், எண்ணெய்தான் போனது. சாரல் காற்று அந்த வாசத்தைத் தூக்கிக்கொண்டு போய் அருவிக்கரை முழுக்க வீச, குளித்துக்கொண்டிருந்த ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. சிவகிரிக்காரர் ஒருவர் கிட்டே வந்து, “எந்த வீட்டுக் கல்யாணம் அண்ணாச்சி, எங்களுக்கும் சாப்பாடு உண்டுல்லா?” என்று கேட்டார். சம்பந்தி ரொம்பச் சந்தோஷப்பட்டு, “உண்டு உண்டு, எம் மவன் கல்யாணம்தான், எல்லாரும் வாங்க” என்றார். விலாசம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வந்தே தீருவார்கள்.

லாட்ஜ் வாசலில் எங்களைப் பார்த்ததுமே, பார்த்ததும் என்ன, படி ஏறும்போதே உங்கள் தங்கைக்குத் தெரிந்துவிட்டது. “முழுக் குப்பியையும் கவுத்துட்டியளா? செயிக்கணும்னா இப்படியா?” என்று பல்லைக் கடித்தாள். சும்மா விடவில்லை. நியூ பஹாரை எடுத்து வந்து ஜன்னலில் வைத்துவிட்டு, பஞ்சு எடுக்க உள்ளே போனாள். பிரியாணி வாசத்துக்கு வந்த குரங்கு ஒன்று, கைக்கு எட்டியது அதுதான் என்று குப்பியைத் தூக்கிக்கொண்டு எதிர்மரத்தில் ஏறி, ரப்பர் உருண்டையைப் பழமென்று கடித்தது. புஸ்! மூஞ்சி முழுக்க நியூ பஹார். ஒரு தும்மல். மறுபடியும் கடித்தது, மறுபடியும் புஸ். மூஞ்சியை மரத்தில் தேய்த்துக்கொண்டு தன் கூட்டத்திடம் போனால், அதுகள் ஒன்றுகூடக் கிட்டே சேர்க்கவில்லை.

“பாத்தியா, கொரங்குக்கே பிடிக்கல” என்றேன்.

“உங்க அத்தர மோந்திருந்தா இந்நேரம் அது மௌத்தாகி, நாம அதுக்கு யாசீன் ஓதியிருக்கணும்” என்றாள்.

உள்ளே சுல்தான் பீவியும் ஜைனபும் சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது. குரங்கு கீழே போட்ட குப்பியில் நல்லவேளையாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஹைருன் அதைப் பஞ்சில் நனைத்துச் சம்பந்தியிடம் கொடுத்தனுப்பினாள். நான் விஷயத்தைச் சொன்னேன். ‘உங்கள் மேல் இருப்பது பழசு, பஞ்சில் இருப்பது புதுசு, கல்யாணத்துக்கு எது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்’ என்றேன். அவர் கண்ணை மூடிப் பஞ்சை முகர்ந்தார். தோளை முகர்ந்தார். ரொம்ப நேரம் யோசித்தார். கதவுக்குப் பின்னால் உங்கள் தங்கை காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கல்யாணப் பேச்சே கலைந்துவிடுமோ என்று நான் துஆ ஓத ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தவர், “நமக்கு எப்பவும் பழசுதான். அத்தரே இருக்கட்டும். ரபீயுல் ஆகிர் மாசத்துல நாள் பாத்துருவோம்” என்றார். மச்சான், நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதனால் இப்போது என் சட்டையும் அதே வாசம்.

ஆகையால் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இனி நியூ பஹார் ஒரு சொட்டும் அனுப்பவேண்டாம். மூக்குள்ள மனுஷர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார், இனி பேச்சில்லை. ஹைருன் பீவி என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வீட்டில் பரம சௌக்கியம். மருமகள் நிக்காஹுக்கு நீங்கள் குடும்பத்தோடு அவசியம் வந்து நின்று நடத்தித்தர வேண்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் தொழிலில் அல்லாஹ் பரக்கத்தும் உங்கள் மனதில் நிம்மதியும் தருவானாக.

இப்படிக்குத் தங்கள் அன்பு மச்சான்,
மசூது.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் சுல்தான் பீவி வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் உங்கள் தங்கையிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவுகளுக்கு டைபாய்டு காச்சல் வந்ததுலேர்ந்து மூக்குல ஒரு வாசமும் ஏறாது மைனி. வெளிய சொல்லமாட்டாக. கேக்கிறவுக மொகத்தப் பாத்துத் தலையாட்டிருவாக. அன்னைக்கு பஸ்ல ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டிக்கிட்டேதான் அச்சன்புதூர் போய்ச் சேந்தேன். இன்னமும் அவுகள வெளி முத்தத்துலதான் படுக்கச் சொல்லியிருக்கேன். அந்த அத்தரு கல்யாணத்துக்கு வந்தா மாப்பிள்ளைக்கு உம்மா வரமாட்டா, சொல்லிருங்க. கொரங்கு மேல அடிச்சதே, அது நல்ல வாசம்.” எனவே மேலே எழுதியதை வாசிக்காததாகவே வைத்துக்கொண்டு, நியூ பஹார் பெரிய குப்பியாக இரண்டு டஜன் விமானத்தில் அனுப்பவும். எழுதுவது நான்தான். பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதவைப்பது யார் என்று நீங்களே அறிவீர்கள்.