சிகரத்தில் ஒரு மஞ்சள் தூசி

மனிதன் மலை ஏறத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் அதை முறைப்படி, தீர்மானம் போட்டு, பொன்னாடை போர்த்திச் செய்த பெருமை உலகிலேயே எங்கள் 'பர் துபாய் தமிழ் மலையேறுவோர் பேரவை'க்கு மட்டுமே உண்டு. அதன் பொதுச்செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

பேரவை பிறந்ததற்கு என் மகள் சம்யுக்தா மறைமுகக் காரணம். எடின்பரோவில் படிக்கிறாள். அங்கே அவள் கல்லூரியில் மலை நடைக் குழு ஒன்று இருக்கிறதாம். வார இறுதியில் ஸ்காட்லாந்து மலைகளுக்குப் போய், மழையில் நனைந்து, சகதியில் வழுக்கி விழுந்து, உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்களாம். பேனர் கிடையாது. வரவேற்புரை கிடையாது. நன்றி சொல்லக்கூட ஒரு நாதி இல்லை. கேட்டபோது எனக்கு மனசு தாங்கவில்லை.

உச்சியில் நின்று எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பி, "லிஃப்ட் இல்லேன்னா நீ மாடிக்கே வரமாட்ட. இதெல்லாம் உனக்கு வருமா?" என்று கேட்டிருந்தாள். என் மனைவி உமாராணி அன்றைக்கே லிஃப்டை விட்டாள். மீனா பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டு, பையைத் தூக்கியபடி ஏழாவது மாடிக்குப் படியேறி வருவாள்.

"ஒரே ஒரு போட்டோங்க. உச்சியில நான் நிக்கணும், அத அவளுக்கு அனுப்பணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

இது தனிநபர் ஆசை. தனிநபர் ஆசைகளை ஒழுங்குபடுத்துவதற்குத்தானே அமைப்புகள் இருக்கின்றன. பேரவையைத் தொடங்கினோம். முதல் கூட்டத்திலேயே தலைவர், துணைத் தலைவர்கள், பொருளாளர், 'ஊடகப் பொறுப்பாளர்', 'உச்சிப் பொறுப்பாளர்' எல்லோரும் போட்டியின்றித் தேர்வானார்கள். பதவி இல்லாத ஒரே உறுப்பினர் உமாராணி. ஒருவராவது உறுப்பினராக இருந்தால்தானே நாங்கள் நிர்வாகிகளாக இருக்க முடியும்.

முதல் பயணம் ஹத்தா மலைக்கு. குளிர்காலத்திலேயே போய்விடலாம் என்றாள் உமாராணி. சிறப்பு விருந்தினருக்கோ ஏப்ரல் கடைசியில்தான் தேதி இருந்தது. அவர் மெத்தை வியாபாரி விஜயபாஸ்கர். பேனர், டி-ஷர்ட், பிரியாணி எல்லாம் அவர் உபயம். டி-ஷர்ட்டின் முன்பக்கம் மலை, பின்பக்கம் மெத்தை. மலையேற்றத் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை விடியும்போதே மலையடிவாரத்தில் நாற்காலிகளைப் போட்டுவிட்டோம். குத்துவிளக்கு காற்றில் நிற்காததால் இரண்டு லேண்ட் க்ரூஸர்களைக் குறுக்கே நிறுத்தினோம். வரவேற்புப் பாட்டு உமாராணியின் போனில்தான் இருந்தது. ஊடகப் பொறுப்பாளர் விஷால் அதை வாங்கி ஸ்பீக்கரோடு இணைத்துக்கொண்டான்.

"வெயில் வர்றதுக்குள்ள ஏறிட்டா நல்லதுங்க" என்றாள் உமாராணி.

தலைவர் அருள்முருகன் பொறுமைசாலி. "சிஸ்டர், விருந்தினர் வந்து கொடி அசைக்காம ஏறுனா அது வெறும் நடை. அசைச்சப்புறம் ஏறுனாத்தான் மலையேற்றம்."

"அவரு எங்க இருக்காரு?"

"கெளம்பிட்டாராம்."

"எங்கேருந்து?"

"படுக்கையிலேருந்து."

நேரம் வீணாகக் கூடாது என்று நிர்வாகிகளுக்கு நிர்வாகிகளே பொன்னாடை போர்த்திக்கொண்டோம். துணைத் தலைவர் ஒருவர் 'மலையின் மாண்பு' பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் மலையின் அடிவாரத்தைத் தாண்டுவதற்குள் உமாராணி என்னிடம் வந்தாள்.

"நான் மெதுவா நடக்க ஆரம்பிக்கிறேங்க. அந்தத் தம்பி போன குடுக்க மாட்டேங்குது. மேல போயி இந்த மஞ்சத் துப்பட்டாவ ஆட்டுறேன். கீழேருந்து ஒரு படம் எடுத்துருங்க. மறந்துராதீங்க."

நான் தலையசைத்தேன். அப்போது எனக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்ததால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. தண்ணீர் பாட்டிலோடு அவள் போய்விட்டாள். கொடி அசைக்கப்படாமல் ஓர் உறுப்பினர் மலை ஏறியதுதான் பேரவையின் வரலாற்றில் முதல் ஒழுங்கீனம்.

வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு விஜயபாஸ்கர் வந்தார். கார் கண்ணாடியை இறக்கினார். "யல்லா, சீக்கிரம் முடிச்சுருவோம். மலை எது?"

"இதுதாங்க" என்றார் தலைவர்.

"பூராவுமா?"

சற்று நேரம் அதையே பார்த்தார். பிறகு பெருந்தன்மையோடு சொன்னார்: "இந்த வெயில்ல வேணாம். ஒடம்பு முக்கியம். மனசால ஏறிட்டதா வச்சுக்குவோம். கலாஸ், முடிஞ்சுது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மனசால் ஏறிய அனைவருக்கும் 'சிகரம் தொட்டவர்' கேடயம் வழங்கப்பட்டது. பிறகு 'சிகரம் தொட்டோம்' என்ற பேனரைப் பிடித்தபடி, மலை முழுவதும் பின்னால் தெரிய, குழுப்படம் எடுத்தோம்.

விஜயபாஸ்கர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அதென்ன, என் தலைக்கு நேரா உச்சியில மஞ்சளா? தூசியா?"

தலைவரும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "வாசு சார், நாம கீழ நின்னு சிகரம் தொட்டோம்னு சொல்றப்ப, மேல ஒரு ஆள் நின்னா பாக்குறவங்களுக்குக் குழப்பமா இருக்காது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது தூசியல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பொதுச்செயலாளர் பதவியில் இருப்பவன் குடும்பப் பாசத்துக்கு இடம் தரலாமா?

"அழிச்சுரு தம்பி" என்றேன்.

விஷால் விரலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். போன் ஒரு கணம் யோசித்தது. எனக்கு அந்த அளவுகூடத் தேவைப்படவில்லை. சிகரம் சுத்தமானது. பெருமை தாங்காமல் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினேன்.

பிரியாணி அடி தட்டும் நேரத்தில் உமாராணி இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிவந்து, ஷூ வாயைப் பிளந்து, முழங்காலில் சிராய்ப்பு. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"ஆட்டுனேனே, பாத்தீங்களா? எடுத்தீங்களா?"

"எடுத்தோம்" என்றேன். அழித்தீர்களா என்று அவள் கேட்கவில்லை.

விஷாலிடமிருந்து தன் போனை வாங்கித் திறந்தாள். சம்யுக்தா அதற்குள் பதில் போட்டிருந்தாள்: "சூப்பர்ப்பா. எல்லாரும் மலைக்குக் கீழ நிக்கிறீங்க. அம்மா எங்க?"

உமாராணி இரண்டு விரலால் படத்தை விரித்தாள். உச்சிக்குப் போனாள். அங்கே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, தன்னைத் தேடினாள். ரொம்ப நேரம் தேடினாள். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே பதில் போடுங்க" என்றாள்.

அதற்காக அவசரச் செயற்குழு கூட்டப்பட்டிருக்கிறது. பதில் எதுவானாலும் ஒன்றை மட்டும் யாரும் மறுக்க முடியாது. ஸ்காட்லாந்துக்காரர்கள் மழையில் நனைந்து, சகதியில் புரண்டு, ஆட்களை மலை மேலே ஏற்றுகிறார்கள். உச்சியைத் தொட்ட ஒரே உறுப்பினரை, நாற்காலியை விட்டு எழாமலே, ஒரு விரலால் கீழே இறக்கிய பேரவை உலகிலேயே எங்களுடையது மட்டும்தான்.