மேய்ச்சலுக்குப் போன லாமா

இனிமேல் சிச்சா என்கிற சோளக் கள்ளைத் தொடுவதில்லை என்று மாதா சிலை முன்னால் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் செய்தான் அனிசேத்தோ. மறுநாளே அவனுக்குக் கால்நடை மீது பாசம் பொங்கிவிட்டது.

“சாஸ்கா இளைச்சுப் போச்சு புள்ள. மலைச்சரிவுல நல்ல புல்லு கெடக்கு. தினம் மத்தியானம் நானே ஓட்டிட்டுப் போறேன்.”

சாஸ்கா, அவன் மனைவி பாஸ்குவாலா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த லாமா.

“இத்தனை வருஷத்துல அதை ஒரு தடவை தொட்டிருப்பியாய்யா நீ?”

“அதான், இனிமே பழகலாமான்னு பாக்கறேன்.”

சரிவில் புல் இருந்தது உண்மைதான். வழியில், சிவப்புக் கொடி நட்ட செனோபியாவின் சிச்சாக் கடையும் இருந்தது. லாமாவை வாசலில் கட்டிவிட்டு அவன் உள்ளே போவான். வடிகட்டிய சோளச் சக்கையைச் செனோபியா லாமாவுக்குக் கொட்டுவாள். இருவரும் நிறைந்த வயிற்றோடு வீடு திரும்புவார்கள். வாடை வராமலிருக்க அவன் கோக்கா இலையை மென்றுகொள்வான்.

“மேய்ச்சல் எப்படிய்யா?”

“ஃபுல்லு!” என்று ஒருநாள் வாய் குழறிவிட்டது. “புல்லு... நல்ல புல்லுன்னேன்.”

லாமா நிஜமாகவே கொழுத்தது.

பிறகு அவனுக்குப் பல்வலி வந்தது. தாடை பூசணிக்காயாக வீங்கி, போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். மத்தியானமானதும் சாஸ்கா ம்ம்ம் என்று முனகிக்கொண்டு வாசல் படலை முட்டியது.

“பாவம், புல்லுக்கு ஏங்குது. நான் ஓட்டிட்டுப் போறேன்” என்றாள் பாஸ்குவாலா.

“வேண்டாம் புள்ள! உனக்கு வழி தெரியாது!”

“அதுக்குத் தெரியுமில்ல?”

அனிசேத்தோ எழுந்தோடிக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். சாஸ்கா காதுகளைப் பின்னால் மடித்தது. அசைபோட்டதெல்லாம் பச்சையாக அவன் முகத்தில் வந்து விழுந்தது. அவன் கண்ணைத் துடைத்துப் பார்ப்பதற்குள் லாமா முன்னால் நடக்க, பாஸ்குவாலா கயிற்றைத் தளரவிட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்து வந்தாள். தொப்பி கோணியிருந்தது. கன்னம் சிவந்திருந்தது.

“நல்ல மேய்ச்சல்யா. லேசாப் புளிப்பு, அவ்வளவுதான். நாளையிலேருந்து நானே ஓட்டிட்டுப் போறேன். நீ உருளைக்கிழங்கை வேகவை.”

அனிசேத்தோ வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “செனோபியா... ஏதாச்சும் கேட்டாளா?”

“ஏன் அண்ணன் வரலன்னு கேட்டா. உடம்பு சரியில்லன்னேன். இனிமே சரியாகவே ஆகாதுன்னும் சொல்லிட்டேன்.”